உள்பக்கத் தாழ்ப்பாள்

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் ஒற்றை அறையின் கதவில், உள்பக்கம், ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருக்கிறது. விரல் நீளம்தான். நான்கு திருகாணியில் மூன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. பார்க்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அதைத் தொடும்போதெல்லாம் வயிறு எரியும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். யாராவது முகத்துக்கு நேரே கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

அடையாறில் ஓர் இல்லத்தில் பதினோரு வருஷம் சமைத்தேன். ஏமாற்றி விற்கப்பட்ட பெண்களையும், குடியிலும் மாத்திரையிலும் சிக்கியவர்களையும் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். பெரும்பாலும் இரண்டும் ஒருத்தியாகவே இருப்பாள். அந்த இல்லத்தில் ஒரு கதவிலும், குளியலறையில்கூட, உள்தாழ்ப்பாள் கிடையாது. கழற்றிவிட்டார்கள். உள்ளே பூட்டிக்கொண்டு எவளாவது உயிரை மாய்த்துக்கொள்வாளோ என்ற பயம். பயம் நியாயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள் கண் மாதிரி முழித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண் வந்தபோது அவளுக்கு இருபது இருபத்தொன்று இருக்கும். வீட்டு வேலைக்கு என்று சொல்லி, சொந்த அத்தையே கூட்டிப்போய் விட்ட இடம். வெளியே பூட்டிய வீட்டில் இரண்டு வருஷம். முதலில் வாயைப் பிடித்துச் சாராயம் ஊற்றினார்களாம், பிறகு அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாளாம். என்னிடம் வந்தபோது கை நடுக்கத்தில் கத்தி பிடிக்க முடியாது. அதனால் பூண்டு உரிக்கக் கொடுத்தேன். சாயந்திரம் நாலு மணி ஆனால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். "ஆயா, குடிக்கணும் போல கீது. ஒரு வெல்லம் குடு" என்பாள். வெல்லக் கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு தடவை வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தாள். மூன்றாம் தடவை தெருமுனை வரை போய்விட்டு, தானே திரும்பி வந்து பூண்டுத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

குளிக்கப் போனால் நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து வெளியே நிற்க வேண்டும். ஒவ்வொரு சொம்பு தண்ணீருக்கும், நான் அங்கேயே இருக்கிறேனா என்று உள்ளிருந்து, "ஆயா, கீறியா?" என்று கேட்பாள். "கீறேன்டி." மறுபடியும் தண்ணீர்ச் சத்தம். "ஆயா, கீறியா?" அடுப்பில் சாம்பார் கொதித்து வழிந்தாலும் நான் நகரமாட்டேன். அவளுக்கு நான்தான் தாழ்ப்பாள்.

இல்லத்தில் தையல் சொல்லிக்கொடுத்தார்கள். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதிலும் பிகோ போடுவதிலும் அவள் கை தேர்ந்தது. நடுங்கிய கையா இது என்று இருக்கும். மயிலாப்பூரில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருடைய கடை. பின்னாலேயே சின்ன அறையும் கொடுத்தார். அவள் எங்கிருந்து வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சம்பளம் கையில் வந்ததும் அவள் முதலில் வாங்கியது இந்தத் தாழ்ப்பாள். தானே கதவில் திருகினாள். என்னைக் கூப்பிட்டு வெளியே நிறுத்தி உள்ளே சாத்திக்கொண்டு, "ஆயா, தள்ளிப் பாரு!" என்றாள். தள்ளினேன். "அவ்ளோதானா உன் பெலம்? சோறு துன்னியா இல்லியா? நல்லா தள்ளு!" கதவு அசையவில்லை. உள்ளே அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த வருஷக் கடைசியில் இல்லத்தில் மாதக் காலண்டர் அடித்தார்கள். வேலை செய்பவர்கள் ஆளுக்குப் பத்து எடுத்துப்போய்த் தெரிந்த கடைகளில் கொடுக்க வேண்டும், அது அங்கே வழக்கம். ஜனவரித் தாளில் அந்தப் பெண், மெஷினுக்கு முன்னால், சிரித்தபடி. அவ்வளவு அழகாக இருந்தாள். கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. மூக்குக்கண்ணாடி எடுத்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. பூரித்துப்போய் நேரே அந்தத் தையல் கடைக்குத்தான் முதல் காலண்டரைக் கொண்டுபோனேன். அவள் பட்டன் வாங்க வெளியே போயிருந்தாள். அண்ணாச்சியும், "நம்ம புள்ளையா இது!" என்று சந்தோஷமாக, வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலேயே மாட்டினார்.

அந்த இரண்டு வரியை, பிளவுஸ் வாங்க வந்த ஒரு பெண்மணி சத்தமாகப் படித்திருக்கிறாள். விபசாரத்திலிருந்தும் போதையிலிருந்தும் மீட்கப்பட்டுப் புதுவாழ்வு பெற்றவர் என்று போட்டிருந்தது.

மறுநாள் நான் போனபோது ஆணி மட்டும் இருந்தது. "நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல ஆச்சி. நல்ல குடும்பத்துப் பொம்பளையாளுவ வந்து போற எடம்லா" என்றார் அண்ணாச்சி. அவள் அறை வாசலில் குந்தி உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அதை விட்டுட்டுப் போயேன்ம்மா" என்றார். "ரூம் உங்குளுது அண்ணாச்சி. தாப்பா என்னுது" என்றாள், தலை நிமிராமல். கை மறுபடியும் நடுங்கியது. ஒரு திருகாணி உருண்டு சாக்கடைக்குள் போயிற்று.

"நான்தான்டி கொண்டாந்து குடுத்தேன்" என்றேன்.

"தெரியும் ஆயா. என் மூஞ்சி நல்லாகீதுன்னுதானே குடுத்த" என்றாள்.

அவளை என் அறைக்குக் கூட்டிவந்தேன். நாலு மணிக்கு, "வெல்லம் கீதா?" என்று கேட்டாள். டப்பாவோடு அவள் மடியில் வைத்தேன். அன்று அவள் தெருவுக்குப் போயிருந்தால் திரும்பியிருக்கமாட்டாள். எனக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். வெள்ளைத் திருகாணி ஒன்று வாங்கிவந்து, இரண்டு பேருமாக இந்தக் கதவில் தாழ்ப்பாளை வைத்தோம்.

மறுநாள் இல்லத்து மேடம் முன்னால் போய் நின்றேன். "உண்மையைத்தானே போட்டோம், பாட்டி? நாலு பேர் உதவி பண்ண முன்வருவாங்க" என்றார். அவளைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. அவளைப் பூட்டி வைத்தவன் முகத்தை எந்தக் காலண்டரில் போட்டீர்கள், காசு கொடுத்து வந்து போனவன்களில் ஒருவன் முகமாவது ஏதாவது ஒரு கடைச் சுவரில் தொங்குகிறதா, அந்த அத்தை எந்த ஜனவரியில் சிரிக்கிறாள் என்று கேட்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. சமையலறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கேட்காத கேள்வி அத்தனையும் இன்றைக்கும் நெஞ்சில் கரியாகக் கனன்றுகொண்டிருக்கிறது.

மூன்று வருஷம் ஆகிறது. ஜன்னலோரம் அவளுடைய மெஷின் ஓடுகிறது. இந்தத் தெருப் புடவைகளெல்லாம் அவளிடம்தான் வருகின்றன. போன வாரம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். மேடம். கூடவே செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு ஆள். "பாட்டி, அவ இங்கதான் இருக்காளாமே? இந்த வருஷக் காலண்டருக்கு ஒரே ஒரு ஃபோட்டோ. மத்த பொண்ணுங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல?"

குரல் கேட்டு உள்ளே மெஷின் நின்றது.

இப்போதும் எனக்குப் பேச்சு வரவில்லை. கதவைச் சாத்தினேன். மேடத்தின் முகத்துக்கு நேராகத்தான் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தள்ளினேன், சத்தம் வெளியே கேட்கட்டும் என்று ஓங்கித் தள்ளினேன்.

"ஆயா, கீறியா?"

"கீறேன்டி."

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.