இஷ்பெல் பெட்ரியின் பூஜ்யம்

டண்டீயில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு காய்ச்சுவது நான். வளர்த்து ஆளாக்குவது இஷ்பெல் பெட்ரி. பிளாஸ்மிட் என்கிற டிஎன்ஏ வளையத்தில் மனித மரபணு ஒன்றைக் கோத்து பாக்டீரியாவுக்குள் விடுவார். நம் உடம்பில் சேதி கடத்தும் புரதத்தை அது தன் வீட்டு வேலைபோலச் செய்துகொடுக்கும். அந்த பிளாஸ்மிட்டைச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஆய்வு செய்கிறவர்களுக்குக் கொடுப்பார். இருபத்தாறு வருஷமாக இதுதான். படிக்க வருகிறவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள்; இஷ்பெல் இருப்பார், சந்தோஷமாகவே.

அவருடைய ஃப்ரீசர் கதவில் ஒரு காகிதம்: ‘இஷ்பெல் தந்த தப்பான குழாய்கள்: 0’. இருபதாம் வருஷம் நாங்கள் கேலிக்கு ஒட்டியது. அவருக்கு அது பதக்கம்.

அந்தப் பூஜ்யத்துக்கு ஸ்ட்ரூவன் வடிவில் கண்டம் வந்தது. ஆராய்ச்சி மாணவன். நான்கு முறை இஷ்பெலிடம் பிளாஸ்மிட் வாங்கியும் அவனுக்குப் புரதம் துளிகூட வரவில்லை. ஆய்வை முடிக்க மூன்றே மாதம் பாக்கி. கடைசியில் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க அனுப்பினான்.

“இஷ்பெல், கோவிச்சுக்காதீங்க. நாலு குழாய்லயும் மரபணு உடைஞ்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு எடத்துல.”

“என் குழாயா? நீ எங்கயாவது மாத்தி வச்சிருப்பே.”

“நீங்க குடுத்தபடியேதான் அனுப்பினேன்.”

இஷ்பெலுக்கு முகம் சுண்டிவிட்டது. மதியம் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. வாங்கி வைத்த பிரைடி என்கிற இறைச்சிப் பஃப் ஆறுகிறதே என்று கூப்பிடப் போனேன். பாக்டீரியா முளைத்த தட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். சில புள்ளிகள் மிளகு பருமன். சில ஊசி குத்தியதுபோல, கண்ணுக்கே தெரியாது.

“இதுல எதை எடுப்பே?” என்றேன்.

“கொழுத்ததைத்தான். எல்லாரும் அதைத்தானே எடுப்போம்?”

“நம்ம மேல்மாடி அதிகாரிங்கள்ல கொழுத்தது எதுவாவது வேலை செஞ்சு பாத்திருக்கியா?”

இஷ்பெல் சிரிக்கவில்லை. தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“அடியே, இந்தப் புரதம் பாக்டீரியாவுக்கு ஒத்துக்கலை. ஒழுங்காச் செய்யுறது நோஞ்சானாக் கெடக்கு. மரபணுவை ஒடைச்சுப் போட்டதுதான் தின்னு கொழுத்திருக்கு. நான் நாலு தடவையும் திருட்டுப்பயலையே பாத்துப் பொறுக்கியிருக்கேன்.”

ஒரு நோஞ்சானை எடுத்து, அவசரப்படுத்தாமல் இளஞ்சூட்டில் வளர்த்தார். இரண்டு வாரத்தில் ஸ்ட்ரூவன் தன் புரதம் வந்துவிட்டதைக் காட்டும் நீலப் பட்டையைப் படம் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சுகிற சாப்பாட்டின் ஆவி பட்டது என்று சமாளித்தேன்.

இஷ்பெல் பேனாவை எடுத்தார். பூஜ்யத்தை அடித்து 4 என்று எழுதினார்.

“அது பாக்டீரியா பண்ண திருட்டு. உங்க தப்பு இல்ல,” என்றான் ஸ்ட்ரூவன்.

“பொறுக்கினது என் கைதானே? அந்தப் பூஜ்யத்தைக் காப்பாத்தத்தான் அன்னிக்கு உன்மேல பழி போட்டேன். மன்னிச்சுக்கோ.”

அந்தக் காகிதம் இன்னும் கதவில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்குக் குழாய் கொடுத்தாலும் இஷ்பெல் அதைக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்: “வேலை செய்யலேன்னா மொதல்ல என்னைக் கேளு.”