பெயர் கேட்ட சீமாட்டி

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரையில் என் மனைவி தென் லண்டனில், எங்கள் வீட்டுக்கு அருகே இருந்த ஒரு ஹொஸ்பிஸில் படுத்திருந்தாள். இனி வைத்தியம் இல்லை என்று கைவிடப்பட்டவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய இல்லம் அது. அவளுடைய ஒரே தம்பி அப்போது இலங்கையில், வன்னியில், சண்டைக்கு நடுவே அகப்பட்டிருந்தான். மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், பகலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு நின்று கத்திவிட்டு, பின்னேரம் தொண்டை அடைத்துப்போய்த் தாயிடம் வருவாள். நான் பஸ் ஓட்டும் ஷிப்ட் முடிந்து அங்கே போவேன்.

அரச குடும்பத்திலிருந்து ஒருவர் இல்லத்தைப் பார்க்க வருகிறார் என்று ஒரு நாள் தாதி சொன்னாள். தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டப்படும் ஆள் இல்லை. ராணிக்கு ஏதோ வழியில் உறவான ஒரு முதிய சீமாட்டி. எனக்கு அவரைத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு அந்தக் குடும்பத்தில் எல்லோரையும் தெரியும். நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். நான் வேலைக்குப் போனபின் அவளுக்குத் தொலைக்காட்சிதான் துணை. யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரோடு கோபம் என்றெல்லாம் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஆங்கிலமும் அப்படித்தான் வந்தது. "அவையும் எங்களைப்போலத்தான். ஒரு கலியாணவீடு, செத்தவீடு எண்டால்தான் ஒண்டாச் சேருகினம்" என்பாள்.

மகளுக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது.

"ஒரு பவரும் இல்லாத ஆக்கள், அம்மா. கை குடுத்துப்போட்டுப் போவினம். வேஸ்ட்."

"வரட்டும் பிள்ளை. நான் அவவிட்ட ஒண்டு கேக்கவேணும்."

"என்ன கேக்கப்போறீர்?" என்றேன்.

"சண்டையை நிப்பாட்டச் சொல்லி."

மகள் என்னைப் பார்த்தாள்.

சீமாட்டி வந்த அன்றைக்கு மனைவியால் சேலை உடுக்க முடியவில்லை. எழுந்து இருக்கவே ஏலாது. அரக்கு நிறச் சேலை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, போர்வைக்கு மேலே விரித்துவிடும்படி மகளிடம் கேட்டாள். மகள் கரைப் பக்கம் தெரியும்படி விரித்து, முந்தானையைத் தாயின் தோளில் போட்டுவிட்டாள்.

சீமாட்டி ஊன்றுகோலோடு வந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். கமராக்காரர் கூட்டம் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், நேரம் பார்த்து அவரை அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போக ஒரு செயலாளர், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டிலாக நின்று வந்தவர், என் மனைவியின் அருகில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். சேலை அழகாக இருக்கிறது என்றார்.

மனைவி நன்றி சொல்லவில்லை. அதற்கு அவளிடம் மூச்சு மிச்சமில்லை என்று நினைக்கிறேன். "என் தம்பி இலங்கையில், சண்டைக்குள்" என்று தன் ஆங்கிலத்தில் தொடங்கினாள். "நீங்கள் சொன்னால் நிறுத்துவார்களா?"

செயலாளர் ஓர் அடி முன்னால் வந்தார். சீமாட்டி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லை" என்றார். "என்னால் யாருக்கும் எதையும் சொல்ல முடியாது."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னாலும் முடியாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சீமாட்டியும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உங்கள் தம்பியின் பெயர் என்ன?"

மனைவி சொன்னாள். எங்கள் ஊர்ப் பெயர், நீளமானது. சீமாட்டி காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார். பிழையாகச் சொன்னார். மறுபடி கேட்டு, மெல்ல மெல்லச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சரியாகச் சொன்னார். அவன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்தார். சைக்கிள் திருத்துவான், முன்கோபக்காரன், எங்கள் கலியாணத்தன்று சாப்பிடாமல் அழுதவன் என்று மனைவி சொல்லிக்கொண்டே போனாள். செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் களைத்துக் கண்ணை மூடும்வரை சீமாட்டி எழும்பவில்லை.

அவர் போனபிறகு மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு நாளும் எல்லாரும் எத்தினை சனம் செத்தது எண்டுதான் கதைச்சவை. அவன்ர பேரை ஒருத்தரும் கேக்கேல்லை."

மகள் கதவைத் திறந்து வெளியே போனாள். நான் போய்ப் பார்த்தபோது நடையில் சுவரோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

வைகாசி தொடக்கத்தில் மனைவி போய்விட்டாள். அதே மாதம் சண்டையும் முடிந்தது. அவள் அதை அறியவில்லை. முகாம்களிலிருந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் தம்பியை விசாரித்தோம். கண்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

மார்கழியில், இறந்தவர்களுக்கு விளக்கேற்ற ஹொஸ்பிஸில் எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தச் சீமாட்டி வருவாரா என்று மகள்தான் தாதியிடம் கேட்டாள். அவருக்கு உடம்பு ஏலாமல் போய்விட்டது, இனி வெளியே வரமாட்டார் என்றாள் தாதி. வேறு யாரையாவது அனுப்பும்படி இல்லத்தவர்கள் அரண்மனையைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் இல்லையாம். வயதானவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, மிஞ்சியவர்கள் பெரிய இடங்களுக்கே போதவில்லையாம்.

"அப்ப ஒருத்தரும் இல்லையோ?" என்று மகள் என்னிடம் கேட்டாள். அவளுடைய முகம் சின்ன வயதில் இருந்ததுபோல ஆகிவிட்டது.

எங்கள் பஸ் டிப்போவில் இளம் பொடியள் அரச குடும்பத்தைப் பற்றிக் கதைப்பதுண்டு. எதற்கு இத்தனை பேர், ஆட்களைக் குறைத்தால் செலவு குறையும் என்பார்கள். எனக்கும் அவர்கள்மேல் பெரிய பற்றில்லை. ஆனால் அதிகாரம் எல்லாம் போனபிறகு அவர்களிடம் மிஞ்சியிருப்பது வந்து உட்காருவது ஒன்றுதான். குறைந்துபோன குடும்பம் கமரா இருக்கும் இடங்களுக்கு மட்டும் போகத் தொடங்கினால், எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் யாரோதான்.

திரும்பி வரும்போது ட்ராமில் மகள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அப்பா, அவை வேணும் எண்டு நான் இப்பவும் சொல்லேல்லை."

"தெரியும் பிள்ளை."

"ஆனா அந்த மனிசி இண்டைக்கும் வந்திருக்கலாம்."

"ஓம்" என்றேன்.