ஸ்கேனர் தள்ள மறுத்த காலித் தாள்

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். ஊர்ப் பேரிலேயே சாத்தான் இருக்கே என்று தூத்துக்குடியில் என் கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அந்தச் சாத்தானைக்கூட நான் பார்த்தது கிடையாது, பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். ஜெராக்ஸ், ஸ்கேனிங், டைப்பிங், இதுதான் இருபது வருஷமாகத் தொழில். மெஷின் தப்பு செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ரோலரில் தூசி இருக்கும், இல்லையென்றால் செட்டிங் கோளாறு. இதை மட்டும் எதில் சேர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. நீங்கள் நம்பக்கூட வேண்டாம், கேட்டால் போதும்.

இரண்டு வருஷம் முன்னால், கடற்கரையோரத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றின் அடக்கப் பதிவேட்டை ஸ்கேன் செய்யும் வேலை வந்தது. இறந்தவர்களை அடக்கம் செய்ததை எழுதி வைக்கிற நோட்டு, ஓர் ஆளுக்கு ஒரு தாள். தையல் விட்டுத் தாள் தாளாகக் கழன்று கிடந்ததால், தாளைத் தானாக இழுத்துக்கொள்கிற ஃபீடரில் கட்டாக வைத்து ஓட்ட வசதியாக இருந்தது. சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் பதிவேட்டை என்னிடம் நம்பி விட்டுப் போகாமல் கூடவே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். முந்நூறு டிபிஐ, கிரே, பிடிஎஃப் என்று வைத்தேன். தாள்களின் பின்பக்கத்தில் எழுத்தே இல்லை, அது எதற்கு ஃபைலில் வீணாக என்று, காலிப் பக்கத்தை விட்டுவிடுகிற செட்டிங்கையும் ஆன் செய்தேன். எந்தக் கடையிலும் அப்படித்தான் செய்வோம்.

ஓட்டி முடித்ததும் உபதேசியார் எண்ணிப் பார்த்தார். "ஆறு பக்கம் கொறையுதே அண்ணாச்சி," என்றார்.

"ஒண்ணும் எழுதாத தாளா இருக்கும். மெஷினு தள்ளிரும்."

"எழுதாத தாள்தான். ஆனா அதுக்கு ஆளு உண்டும்லா!"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். கடலில் போய் உடல் கிடைக்காத ஆளுக்கு அந்தக் கோயிலில் ஒரு தாளைக் காலியாக விட்டுவிடுவார்களாம். ஓரத்தில் பென்சிலில் சின்னதாக ஓர் எண் மட்டும் இருக்கும், எந்த எண் யாருக்கு என்பது உபதேசியாருக்கு மனப்பாடம். பெண்டாட்டியோ தாயோ வந்து, சரி எழுதுங்கள் என்று கையெழுத்துப் போடுகிற அன்றைக்குத்தான் அதில் பெயர் ஏறும். மனசு வராதவர்களுடைய தாள் அப்படியே கிடக்கும். அப்படி ஏழு தாள் இருந்தன.

ஏழு என்றால் ஏழும் அல்லவா குறைய வேண்டும்? ஃபைலைத் திறந்தோம். ஆறைத்தான் மெஷின் விட்டிருந்தது, ஒன்று மட்டும் வெள்ளையாக உள்ளே இருந்தது. பென்சில் எண்தான் காரணம் என்றால் அது ஏழிலும் இருக்கிறது. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன், தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், கறை இல்லை, மடிப்பு இல்லை. செட்டிங்கின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன், ஏழையும் கலைத்துப் போட்டு ஓட்டினேன். ஆறைத் தள்ளியது, அந்த ஒன்றைத் தள்ளவே இல்லை.

அது சூசை என்பவருடைய தாள். மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணி கவிழ்ந்ததில் ஏழு வருஷத்துக்கு முன்னால் போனவர். இதில் கூத்து என்னவென்றால், அவர் பெண்டாட்டி மெர்சி அன்று மத்தியானம்தான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. மகள் ஜெனிக்குக் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள். தாள் என் கடையில் இருந்ததால் அவள் நேரே கடைக்கே வந்தாள்.

பேனாவைத் திறந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என்ன மாயமோ தெரியல, இந்தத் தாள மெஷினு காலின்னு ஒத்துக்க மாட்டேங்கு," என்று சொல்லித் தொலைத்தேன்.

"இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி," என்றாள். போட்டேன், பக்கம் வந்தது. "இன்னொருக்கா." அப்போதும் வந்தது. நாலாவது தடவை அவள் பேனாவை மூடினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். கல்யாணம் நின்னாலும் சரி."

"ஏளா, மெஷின் பேச்சக் கேட்டு மவ வாழ்க்கையக் கெடுத்துராத!" என்று உபதேசியார் கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். என் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெர்சி சூசையின் போட்டோவைக் கொண்டுவந்து நாற்பது காப்பி எடுத்தாள். கேரளக் கரையில் இருக்கிற ஆதரவற்றோர் காப்பகங்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஒன்றரை மாதத்தில் அதில் ஒரு காப்பகத்திலிருந்து போன் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் இருந்தார். ஏதோ ஒரு படகு தூக்கிக் கரையில் விட்டிருக்கிறது, தலையில் அடிபட்டதில் சொந்தப் பெயர்கூட ஞாபகமில்லை, மெர்சியைப் பார்த்தே "யாரு நீங்க?" என்று கேட்டாராம். அவரைக் கூட்டிவந்த பிறகு நடந்த கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஜெனி முன்னால் வந்து முழங்கால் போட்டதும், அவள் யாரென்றே தெரியாமல், அவர் கை தானாக உயர்ந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டது. சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை நான், அங்கே அழுதுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால், மெஷின் கோளாறும் தற்செயலும் சேர்ந்துகொண்டன என்று விட்டிருப்பேன். எட்டு மாதம் கழித்து சூசை காய்ச்சலில் வீட்டிலேயே இறந்தார். அதே தாளில் உபதேசியார் கறுப்பு மையில் பெயர், தேதி, அடக்கம் செய்த இடம் எல்லாம் எழுதி, மெர்சியிடம் கையெழுத்தும் வாங்கி, ஃபைலில் சேர்ப்பதற்காகக் கொண்டுவந்தார். ஃபீடரில் வைத்தேன். தாள் உள்ளே போய் வெளியே வந்தது. சேமிப்பதற்குப் பக்கம் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. எழுதின தாள் ஐயா அது! வேறு தாளை வைத்தால் ஒழுங்காக வருகிறது, இதை வைத்தால் காலி என்கிறது. செட்டிங்கை ஆஃப் செய்த பிறகு ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று விழுந்தது, அப்படியே சேமித்துக் கொடுத்தேன்.

மற்ற ஆறு தாளையும் நான் முதல் நாளே ஓட்டிப் பார்த்ததும், ஆறையும் மெஷின் காலி என்று தள்ளியதும் எனக்கும் உபதேசியாருக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் மெர்சி கதை கரை முழுக்கப் பரவிவிட்டது. அந்த ஆறு பேரில் ஒருவனின் தாய், மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது வாரத்துக்கு ஒரு தடவை கடை வாசலில் வந்து நிற்கிறாள்.

"எய்யா, எம் மவன் தாளையும் ஒருக்கா போட்டுப் பாருமே."

மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன். சொல்லும்போதே என் பக்கத்தில் மெஷின் யாருடைய ரேஷன் கார்டையோ ஸ்கேன் செய்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிய்யா, சரியானதும் சொல்லும்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.