நடு ஓட்டை ஜெட்

பேளுக்குறிச்சியில் பன்னும் ரொட்டியும் எடுத்து, கொல்லிமலை மேலுள்ள டீக்கடைகளுக்குப் போடுவதுதான் அப்போது என் தொழில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, மேலே ஒரு முதலாளி இல்லாமல் கிடைத்த முதல் வேலை. இரண்டாம் கையாக வாங்கிய பைக், பின்னால் தகரப்பெட்டி. காரவள்ளியில் ஏறத் தொடங்கும்போது குதிரை மாதிரிப் போகும். பாதி மலை தாண்டியதும் இருமும், கரும்புகை விடும், கடைசியில் நின்றுவிடும். இறங்கித் தள்ளுவேன். பின்னால் உருண்டால் என்ன செய்வது, எதிரே லாரி வந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே தள்ளுவேன். கவலைப்பட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மலைமேல் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; ஆலத்தூர் நாட்டில் முதல் கடை ஒரு அம்மாவுடையது. ஒருநாள் நான் பெட்டியைத் திறக்கும் முன்பே அவர் ஆரம்பித்தார்.

"ஏஞ்சாமி, காலை டீக்குப் பன்னு கேட்டா மத்தியானச் சோத்துக்குக் கொண்டாறயே! ஜீப்புக்காரன் ஒருத்தன் நான் போடறேங்கறான். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு நாளாவது மொத பஸ்ஸுக்கு முன்னால வந்து காட்டு. இல்லீனா அவனுக்குக் குடுத்துருவேன்."

அந்தக் கடை போனால் மற்ற கடைகளும் அவனோடு போய்விடும். நேராக எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் வந்தேன்.

"ஏத்தத்துல வண்டிக்குப் பெட்ரோல் பத்தலீங்க பாய். ஏரோட்டற அன்னிக்கு மாட்டுக்குத் தீனி சேத்தி வெக்கறதில்லீங்களா?"

பாய்க்கும் அது நியாயமாகப் பட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பேர். பெரிய ஓட்டை ஜெட் ஒன்றை மாட்டிவிட்டார். சமவெளியில் வண்டி பறந்தது. மறுநாள் மலையில் முன்பைவிடச் சீக்கிரமாக நின்றது.

பாய் எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். சோற்றுச்சட்டியின் அடி மாதிரிக் கரி பிடித்திருந்தது.

"நாம ரெண்டு பேரும் நல்ல ஆளுங்க தம்பி! வயித்துவலிக்காரனுக்கு விருந்து வெச்சிருக்கோம். மேல போகப் போகக் காத்து லேசாவுது, பெட்ரோல் அப்படியே எறங்குது. கொறைக்கணும்."

பழையதைவிடச் சின்னதாக இரண்டு ஜெட் கொடுத்தார். ஒன்று ரொம்பச் சின்ன ஓட்டை, இன்னொன்று நடுத்தரம். "எதுன்னு மலைதான் சொல்லணும். சின்னதுதான் மேல நல்லாப் போவும். ஆனா கீழ சூடேறும், ரொம்ப ஏறுனா எஞ்சின் சுத்தாம இறுகிப் புடிச்சுக்கும், பாத்துக்கங்க."

கவலைப்பட எனக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும்.

ஞாயிறு விடியுமுன் கிளம்பும்போது மனைவி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாரனுங்க. ஒண்டியாப் போனா வண்டி நிக்கறதுக்கு முன்னால நீங்க நின்னுருவீங்க."

சின்ன ஓட்டையைத்தான் மாட்டியிருந்தேன். வண்டி நிற்கவில்லை, வெட்டி வெட்டி ஏறியது. முழங்காலில் அனல் அடித்தது. இரண்டு வளைவுக்கொருதரம் நிறுத்தி எஞ்சின் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்க, காச்சக் கொளந்தையா அது? பொழுது போவுதுங்க!"

பாதி மலையில் என்னால் தாங்க முடியவில்லை. ஓரங்கட்டிக் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன். சூடு விரலைச் சுட்டது. பன் வாசனைக்குக் குரங்குகள் இறங்கி வந்தன. அவள் துண்டை வீசி விரட்டிக்கொண்டே இருந்தாள். அப்படியும் ஒன்று மூடிச் சந்தில் கையை விட்டு ஒரு பன்னை இழுத்துக்கொண்டு மரமேறிவிட்டது. நடு ஓட்டையை மாட்டி உதைத்தபோது கீழ் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

அதற்குமேல் நான் நிறுத்தவில்லை. நிறுத்தவிடாமல் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். வண்டி கொஞ்சம் முனகியது, லேசாகப் புகை விட்டது, நிற்கவில்லை. அம்மா கடை வாசலில் பெட்டியை இறக்கி மூச்சு விடுவதற்குள் பஸ் வந்தது. இறங்கிய கண்டக்டர் கையில் அந்த அம்மா டீயையும் என் பன்னையும் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜீப்புக்காரன் வந்தா வேண்டாம்னு சொல்லிர்றேன், போ சாமி" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க அடிவாரத்திலிருந்தே நடு ஓட்டையோடு ஏறிப் பார்த்தேன். பாய் கேட்டார்: "சின்னதுல இன்னும் வேகமாப் போலாமே தம்பி?"

"இருக்கட்டுங்க பாய். இது கீழ கொஞ்சம் மொனகுது, மேல கொஞ்சம் மொனகுது. எங்கயும் நிக்கறதில்லீங்க."

பக்கத்தில் நின்றிருந்த மனைவி, "ஊட்லதான் ஒண்ணு அப்படி இருக்குதுன்னா, வண்டியுமுங்களா?" என்றாள். பாய் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்த வண்டியை விற்கும்வரை அதே ஜெட்தான். பஸ் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு காலையும், கீழே ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் ஏறினேன்.