ரெண்டு கதவுக் காருக்குக் குட்டைக் கியர்

கார் பட்டறையில் ஒரு பெண் நின்றால், வருகிறவர்கள் அவளிடம் பில்லைத்தான் கேட்பார்கள். வண்டிக்கு என்ன நோவு என்று சொல்ல மாட்டார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். நான் மெக்கானிக்கல் படித்தவள். ஆனால் நாலு பேர் எதிரில் வாய் வராது. 'இறங்கணும்' என்று கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தவர்கள் உங்களில் இருந்தால், இனி நான் சொல்லப்போவது எதையும் விளக்க வேண்டியிருக்காது.

நாற்காலி

பட்டறைக்காரர் மாதேஷ் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டது கம்ப்யூட்டரில் பில் போடுவதற்கு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் ஒரு சுழல் நாற்காலியும். அந்தப் பக்கம் ஷெட். ஷெட்டில் வேலை வேண்டும் என்று கேட்கத் தினமும் வீட்டிலிருந்து வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருவேன். பட்டறை வாசலில் அது காணாமல் போய்விடும்.

ஒருநாள் ஒரு பார்சல் வந்தது. இரண்டு கதவு மட்டுமே உள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கான குட்டைக் கியர். கம்பெனி கொடுத்த நீளமான கியர் கம்பியை எடுத்துவிட்டு இதை மாட்டினால், கை கொஞ்சம் நகர்ந்தாலே கியர் விழும். கூடவே பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்புகள். மாதேஷ் அண்ணன் அதை என்னிடம் நீட்டி, "என்னா சொல்லுதுனு பாரும்மா" என்றார். படித்துச் சொன்னேன். சொல்லி முடித்த வேகத்தில், "நானே மாட்டறங்கண்ணா" என்பதும் வெளியே வந்துவிட்டது. ஷெட்டில் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் நாகராஜ் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டே கொஞ்ச நேரம் பார்சலைப் பார்த்தார்.

"சரி, மாட்டு. வண்டி நல்லபடியாப் போயிருச்சுனா ஷெட்டுலயே இருந்துக்க. குறைன்னு வந்து நின்னுச்சுனா நாற்காலிதான். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ரம்பம்

கார்க்காரர் கோகுல், இண்டூர்க்காரர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வண்டியைப் பழையதாக வாங்கி ஆசையாக வைத்திருந்தார். தரையோடு தரையாக இருக்கும். ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் அடிவயிறு உரசிய தழும்பு இருந்தது. வண்டியை விட வரும்போது அவர் அம்மாவும் கூட வந்திருந்தார். கதவைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, மகனின் தோளைப் பிடித்து, ஒருவழியாக வெளியே வந்து புடவையை உதறிக்கொண்டார்.

"நல்லாத்தான இருக்குது, அத எதுக்குடா மாத்தற?" என்றார். கம்பி குட்டையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் மகன். கம்பியை மேலே வெட்டிக் குட்டையாக்கினால் கியர் இறுகித்தான் போகும். கீழே கம்பி அசையும் புள்ளியை மாற்ற வேண்டும், அதற்குத்தான் இந்தப் பாகம் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. அந்த அம்மா கியர் கம்பியை எட்டிப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"குட்டையாவணும்னா, அறுக்கற ரம்பம் வூட்லயே இருக்குதேடா."

வெந்நீர்

பழைய கம்பியைக் கழற்றுவது சுலபம். குமிழைத் திருகி எடுத்து, தோல் உறையை உருவி, நடுப்பெட்டியைத் தூக்கி, வண்டிக்கு அடியில் போய் ஒரு கிளிப்பை எடுத்தால் வந்துவிடும். புதியதன் அடியில் மாட்ட வேண்டிய, புஷ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறைதான் உள்ளே போகமாட்டேன் என்றது. அமுக்கிப் பார்த்தேன், கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம். சுத்தியல் எடுத்தால் உடையும். வெந்நீரில் போட்டால் இளகும் என்று குறிப்பில் இருந்தது.

பக்கத்து டீக்கடைக்குப் போய், "கொஞ்சம் வெந்நீர்" என்றேன். டீ மாஸ்டர் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். பாக்கெட்டிலிருந்து புஷ்ஷை எடுத்து அதில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுக் கிளாஸையே பார்த்தார்கள். மாஸ்டருக்கும் வடை மேல் கவனம் இல்லை, அவரே கேட்டார்:

"பதம் எப்பிடிங்க பாக்கறது, அமுக்கிப் பாக்கணுமா?"

வண்டிக்கு அடியில்

வண்டிக்கு அடியில் படுத்தால் என் கூச்சம் போய்விடும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அங்கே யார் முகமும் தெரியாது, செருப்புகள் மட்டும்தான். கிரீஸ் வையுங்கள், கம்பியை மூன்றாவதுக்குத் தள்ளுங்கள், இப்போது நடுவில் விடுங்கள் என்று மேலே நின்ற நாகராஜை ஏவிக்கொண்டே இருந்தேன். புதுக் கியரில் ரிவர்ஸ் போட, குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தை இரண்டு விரலால் மேலே தூக்க வேண்டும். பழையதைப் போல அழுத்தினால் விழாது என்றும் அங்கிருந்தே விளக்கினேன்.

நாகராஜ் பாலக்கோட்டுப் பக்கம். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அன்று கோபம் வரவில்லை. வேலை முடிந்து நான் கரி முகத்தோடு வெளியே வந்து வழக்கம்போல வாயை மூடிக்கொண்டதும் மாதேஷ் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இந்தப் புள்ள மேல நின்னா ஊமை, கீழ படுத்தா ரேடியோங்க."

தொப்பூர்

ஓட்டிப் பார்க்கத் தொப்பூர் கணவாய் வரை போனோம். நான் ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில். இறக்கத்தில் லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கின. அவற்றின் பின்னால் நான் இரண்டாவதுக்கு மாறினேன். பீரோத் தாழ்ப்பாள் விழுவதுபோல 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழே போய்த் திரும்பி ஏறும்போது மூன்று, இரண்டு, மறுபடி மூன்று. கை மணிக்கட்டுக்கு மேல் அசையவில்லை. அண்ணன் ஜன்னல் வழியாகக் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறை வாசலில் இறங்கியபிறகுதான் பேசினார்.

"பரவால்ல."

அவரைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். அன்று மாலை கோகுல் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். காதில் போன் இருந்தது. ரிவர்ஸ் வளையத்தைப் பற்றி நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நாகராஜ் என் சுழல் நாற்காலியில் ஆயில் ஃபில்டர் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"இனி இதுதான் இங்க பில் போடும்."

தீர்த்தமலையிலிருந்து போன்

மறுநாள் காலை போன் ஒலித்தது. கோகுல், தீர்த்தமலை அடிவாரத்திலிருந்து. அம்மாவோடு சாமி கும்பிட வந்தாராம். மதில் பக்கம் மூக்கை வைத்து வண்டியை நிறுத்தினாராம். இப்போது ரிவர்ஸ் விழவில்லை. கோயிலுக்கு வந்தவர்கள் வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். மொட்டை போட்ட ஒருவர், காரைத் தள்ளுவதும் வேண்டுதலா என்று கேட்டாராம். கோகுலுக்கு அது சிரிப்பாக இல்லை. நேராகப் பட்டறைக்குத்தான் வருகிறேன் என்றார்.

குமிழுக்குக் கீழே இருக்கும் ரிங்கைத் தூக்கிப் பாருங்கள் என்றேன். "ரிங்கா? அப்பிடி ஒண்ணும் இங்க இல்லீங்களே" என்றார். வளையம் கழன்று விழுந்துவிட்டதா, சரியாகத்தான் மாட்டினேனா என்று மனத்துக்குள் ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்தேன். மாதேஷ் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என்னைத் திட்டவில்லை. ஷெட் பக்கம் திரும்பினார்.

"நாகராஜு, அந்த நாற்காலி மேல இருக்கற பொட்டிய எடுத்து வெச்சிரு."

கயிறு

வண்டி வந்து நின்றது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அடியில் பார்க்க வேண்டும் என்றார் நாகராஜ். கிளிப்பாக இருக்கும் என்றார் அண்ணன். நான் ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்தேன். வளையம் விழவில்லை. குமிழுக்குக் கீழே ஆரம்பித்துக் கம்பி வரை, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கயிறு இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மேலே குங்குமம். வளையம் அதற்குள் எங்கேயோ அசைய இடமில்லாமல் இருந்தது. பொதுவாகக் கயிறு ஸ்டியரிங்கில்தான் கட்டுவார்கள். புதிதாக மாட்டியது கியர் என்பதால், அந்த அம்மா கோயிலில் மந்திரித்து வாங்கிய கயிற்றை அதற்கே கட்டிவிட்டார்.

சாமி கயிற்றை அவிழ்க்கச் சொல்வதற்கு எனக்கு எங்கே வாய் வரும்? ஒவ்வொரு புது வண்டிக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கும் அண்ணனே அதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கியரையே பார்த்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, கயிறு ரிங்க அமுக்கிட்டுருக்குதுங்க. அதனாலதான் ரிவர்ஸ் விழல."

"அத அவுக்கக் கூடாதும்மா" என்றார் அவர். "பெங்களூர்ல இருந்து இவன் இந்த வண்டில கெளம்பிட்டான்னா, வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் சோறு திங்கறதில்ல."

"அவுக்கலீங்க." குமிழைத் திருகி எடுத்தேன். கயிற்றின் அடிச்சுற்றைப் பிடித்து மெல்ல மேலே தள்ளினேன். முடிச்சு முடிச்சாகவே, வளையல் கழல்வதுபோல முழுதாக வந்தது. அவர் கையில் கொடுத்துவிட்டுக் குமிழை மாட்டி, வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போட்டேன். வண்டி பின்னால் நகர்ந்தது. கயிற்றை இனி எங்கே போடுவது என்று எல்லோரும் யோசித்தபோது, அந்த அம்மா ஹேண்ட் பிரேக்கைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார். வண்டியை நிறுத்துவதற்கு என்றேன். அதன் நடுவில் கயிற்றை அவரே மாட்டினார்.

"அப்ப சாமி இதுலயே இருக்கட்டும். எனக்கு அவன் ஓட்டறத உட, நிறுத்தறதுதான் முக்கியம்."

சாவி

அவர்கள் போனபிறகு நான் நாற்காலியின் பக்கம் நடந்தேன். குறை என்று வண்டி வந்து நின்றுவிட்டதே. மாதேஷ் அண்ணன் கூப்பிட்டார். "ரிங்கப் பத்தி அந்தத் தம்பிகிட்ட நேத்தே சொன்னியா?" சொன்னேன் என்றேன். "சொன்னது யாருக்குக் கேட்டுது?" அவர் பெட்டியைத் திரும்ப நாற்காலியில் வைத்தார்.

"மாட்டுனதுல குறை இல்ல. இனி நீ மாட்டற வண்டிக்கு நீயே சாவி குடு, சத்தமாச் சொல்லிக் குடு, அதுக்காக வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டாலும் சரி."

இப்போது நான் ஷெட்டில்தான் இருக்கிறேன். வண்டி எடுக்க வருகிறவர்களிடம் ரிவர்ஸ் எங்கே, கயிறு கட்டுவது எங்கே என்று டீக்கடை வரை கேட்கும்படி சொல்கிறேன், அவர்களுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு.