இங்க் குடிக்கும் மெஷினும் அம்மாவின் காலும்

போன வாரம் வீட்டில் வழுக்கியது நான். அதிர்ஷ்டம் அடித்ததும் எனக்கேதான்! இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். காளிகாட்டில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின் இருக்கிறது. போஸ்டர் அகலத்துக்குப் பிரின்ட் எடுக்கும் இங்க்ஜெட். ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸைக் காலி செய்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அது உள்ளே வந்த அன்று அம்மாவின் கட்டில் நடைவழிக்குப் போனது. அன்றிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் கட்டில் காலில் இடித்துக்கொள்கிறார்கள்.

மெஷின் மலிவு. இங்க்...?

அதை மட்டும் கேட்காதீர்கள். நீலம், மஞ்சள், கறுப்பு, அப்புறம் மெஜந்தா எனும் ரோஜாச் சிவப்பு. நான்கு கார்ட்ரிட்ஜையும் மாற்றினால் மெஷின் வாங்கிய காசில் பாதி காலி! பிரின்ட் எடுத்துத் தீர்ந்தாலாவது மனசு ஆறும். சுவிட்ச் போட்டதும் இந்த மெஷின் தன் குழாய்களைக் கழுவிக்கொள்கிறது. எதால்? இங்க்கால்! எங்கள் தெருவில் கரன்ட் போய்ப் போய் வருகிற அழகுக்கு, ஒரு பக்கம்கூட அடிக்காமலே கார்ட்ரிட்ஜ் இறங்கியது.

"ஏல, வாய் கொப்பளிக்கவே இம்புட்டு வேணுமா அதுக்கு? உங்க மாமாவே தேவலை போலிருக்கே!" என்றாள் அம்மா. மாமா என்பது குடிக்குப் பேர்போன அவளுடைய சொந்தத் தம்பி. திருநெல்வேலியை விட்டு வந்து எவ்வளவோ காலமாகியும் அம்மாவின் கேலி மட்டும் ஊர் மாறவில்லை.

நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். துர்கா பூஜைக்குள் மெஷின் தன் இங்க் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும். இல்லையா — மெஷினை விற்றுவிடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததற்கு அடையாளமாக என்னிடம் இருப்பது ஒரு டிகிரியும் இந்த மெஷினும். டிகிரி இன்னும் வேலை தேடுகிறது. மெஷினும் போய்விட்டால்?

அப்போதுதான் தெரு கிளப்பின் செக்ரட்டரி பாபிதா வந்தார். இங்கே அண்ணன்மார் பெயரோடு ஒரு 'தா' ஒட்டிக்கொள்ளும். பூஜைக்குப் பெரிய போஸ்டர்கள் வேண்டும் என்றார். டிசைன் என் பொறுப்பு. விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்!

உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். வானம் முழுக்கக் கறுப்பு, வரிசை வரிசையாக விளக்கு, பொன்னிற எழுத்து... ஓர் அங்குலம் காலியாக விடவில்லை. பரீட்சையில் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதியவன் நான். இடம் விட்டால் மார்க் போய்விடும் என்ற பயம் லேசில் போகுமா?

முதல் போஸ்டர் வெளியே வந்தது. பேப்பர் ஊறி, அப்பளம் போல நெளிந்தது. கறுப்பு இங்க்கில் பாதியைக் காணோம்! இங்க் குறையட்டும் என்று டிராஃப்ட் மோடில் போட்டேன். வானம் வரிக்குதிரை ஆனது.

கடைசி முயற்சி, ரீஃபில். சாந்தினி மார்க்கெட்டில் பாட்டில் இங்க்கும் சிரிஞ்சும் வாங்கி வந்து, மெஜந்தாவை மெதுவாக ஏற்றினேன். முழங்கை இடித்தது. பாட்டில் சாய்ந்தது. பதறி எழுந்தவன் இங்க்கில் கால் வைத்து, வழுக்கி, சமாளித்து, தரையில் விரித்திருந்த வெள்ளைப் பேப்பர் மேல் நாலு எட்டு நடந்துவிட்டேன். அத்தனையும் சிவப்புப் பாதம்!

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கை செல்வி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழைவிடப் பெங்காலி சரளம்; அண்ணனான என்னைக்கூட 'தாதா' என்றுதான் கூப்பிடுவாள். "தாதா, ஆல்தா பூசிட்டு மாமியார் வீட்டுக்கு வந்துட்டியா?"

ஆல்தா என்பது பெங்காலிப் பெண்கள் பாதத்தில் பூசும் சிவப்புச் சாயம். புது மருமகள் ஆல்தாக் காலோடு வெள்ளைத் துணி மேல் நடந்துதான் வீட்டுக்குள் வருவாள். செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வராத குறை.

அந்த நேரம் பார்த்தா பாபிதா வர வேண்டும்?

கறுப்பு போஸ்டரைப் பார்த்தார். "ம்ம், நல்லாருக்கு" என்றார் — பெங்காலியில், உற்சாகமே இல்லாமல். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"பாழாப்போன பேப்பர், பாபிதா. தூக்கிப் போட்டுடறேன்."

"தூக்கிப் போடுவியா? பாகோல்!" பைத்தியக்காரா என்று அர்த்தம். "மா பொறந்த வீட்டுக்கு நடந்து வர்றா! வேற என்னடா வேணும் போஸ்டர்ல?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஊரில் துர்கா வருஷா வருஷம் வீடு திரும்பும் மகள் அல்லவா! வெள்ளைப் பேப்பர். சுற்றிலும் சிவப்புக் கரை. நடுவில் பாதங்கள். கீழே ஒரே வரி, 'மா ஆஸ்சேன்' — அம்மா வருகிறாள். இங்க்...? ஸ்பூன் கணக்குதான்!

"ஆனா ஒண்ணு," பாபிதா குனிந்து என் தடத்தைப் பார்த்தார். "மாவுக்கு இவ்வளவு பெரிய காலா? இது மகிஷாசுரன் காலுப்பா!"

செல்வி சட்டென்று, கதவோரம் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாமி காலுக்கு எங்காலா? விடுட்டி!" அம்மா திமிறினாள். "குதிகாலு பூரா வெடிப்பு..."

"எங்க தெருவுக்கு நீங்களும் மாதான், மாஷிமா" என்று சித்தி முறை வைத்துச் சொன்னார் பாபிதா. அம்மா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இங்க்கில் தோய்த்த காலைப் பேப்பர் மேல் வைத்தாள்.

ஸ்கேன் செய்து பார்த்தால், பாதத்தில் அந்த வெடிப்புகள் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. படித்தவன் இல்லையா, மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். பாபிதா என் கையைத் தட்டிவிட்டார். "கைலாசத்திலேர்ந்து நடந்து வர்றவளுக்கு வெடிப்பு இருக்காதா?"

இருக்கட்டும்! வெடிப்புக்கு இங்க்கும் வேண்டாமே!

எல்லாப் போஸ்டரும் அடித்து முடித்தேன். ஏற்றிய மெஜந்தா தீரவே இல்லை. அடுத்த தெரு கிளப்பிலிருந்தும் ஆர்டர் வந்தாகிவிட்டது. நண்பர்களே, இங்க்கை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி சொல்வார்கள். நான் கண்ட வழி இதுதான்: பேப்பர் வாங்கும்போதே வெள்ளைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அதை மூடி மறைக்க மறுபடி ஏன் செலவு செய்ய வேண்டும்?

வாக்குப்படி மெஷின் தப்பித்தது. அம்மாவிடம் குழைந்தேன். "கட்டில் இன்னும் கொஞ்ச நாள் நடைவழியிலயே இருக்கட்டுமாம்மா?"

"யாரு காலை வச்சுல ஓடிச்சு உன் மெஷினு?" என்றாள்.

இப்போது கட்டில் முன்னறையில். நடைவழியில் எல்லோரும் இடித்துக்கொள்வது... மெஷின் காலில்!