இரண்டு கறுப்புப் பூனைகளின் கோப்பிக் குட்டி

கோப்பி நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. பால் ஊற்றிக் கலக்கிய கோப்பியின் நிறம். உயிருள்ள குட்டியல்ல, என் பேத்தியின் டேப்லெட் திரைக்குள் இருந்த குட்டி. தாய்ப்பூனை கறுப்பு, தகப்பன் கறுப்பு, கூடைக்குள் இரண்டுக்கும் நடுவே இது மட்டும் கோப்பியாக உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வயதுப் பேத்தி அதைக் காட்டிக் காட்டிக் குதித்தாள். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துச் சொன்னேன்: "இது வேற எவனோ ஒரு கடுவன் பண்ண வேலைலா." சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மருமகள் சிரிக்கவில்லை. "இல்ல மாமா. இந்தக் கூடைக்குள்ள நாம விடாம வேற பூனை வரவே முடியாது. இது இதுங்க ரெண்டோட குட்டிதான்" என்றாள். நான்கு வருடமாக என் முன்னால் தலை நிமிராமல் நடமாடியவள், அன்றைக்கு என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

நான் யார் என்று ஈப்போவில் புந்தோங் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோப்பெங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினைந்து வயதில் ஒரு சீன முதலாளியின் இரும்புப் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனேன். முப்பது வயதில் அதே சாலையில் என் பெயரில் பலகை மாட்டினேன். வீட்டுக் கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. இந்த ஊரில் எந்தத் தாமானுக்குள், எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்து பார்த்தாலும், பத்து வீட்டில் ஆறு வீட்டுக் கேட்டு என் பட்டறையில் வளைந்த இரும்பாகத்தான் இருக்கும். புத்தகம் வாசிக்க எனக்கு வராது. ஆனால் எந்த எஞ்சினியர் போட்ட வரைபடத்தையும் தலைகீழாக வைத்துக் கொடுத்தாலும் புரிந்துகொள்வேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அது.

என் மகனுக்கு என் தங்கை மகளையே கட்டிவைத்தேன். சொந்தம் கைவிட்டுப் போகக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். அப்பா இறந்தபின் தங்கையை வளர்த்து சித்தியவானில் கட்டிக்கொடுத்தவன் நான்தான், அதனால் பெண் கேட்டபோது அவள் மறு பேச்சுப் பேசவில்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருடமே பேத்தி பிறந்தாள். ஒரு நாள் சமையலறையில் குக்கர் விசில் வீடே அதிர அடித்தது, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளை கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. டாக்டர் மகனையும் மருமகளையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஏதோ விளக்கினார், காகிதம் கொடுத்தார். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். உள்ளே கூப்பிட்டபோதும் போகவில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருந்தால் எனக்கென்ன? எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும் சொன்னேன்: "நம்ம பரம்பரையில அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. அது தங்கச்சி புருசன் வீட்டு ரத்தம்." தங்கையின் கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. பதில் சொல்ல அவர் இல்லை. பழி அவர் மகள் தலையில் விழுந்தது. மருமகள் கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போனாலும் கூட்டம் கலைந்த பிறகுதான் போவாள்.

ஆனால் பிள்ளையை அவள் வளர்த்த விதம் தனி. கைமொழி வகுப்புக்குத் தானும் போய், என் மகனையும் இழுத்துக்கொண்டு போனாள். சத்தம் இல்லாமல் விளையாடக்கூடிய விளையாட்டாகத் தேடி அந்தப் பூனை விளையாட்டைப் பிடித்தாள். அதில் ஆண் பூனையையும் பெண் பூனையையும் ஒரு கூடையில் சேர்த்து வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குட்டி பிறக்கும். வெளியே தெரிகிற நிறம் ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கிற நிறம் வேறு. ஒளிந்திருப்பதை எந்தச் சோடியால் வெளியே கொண்டுவரலாம் என்று கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம். தாயும் மகளும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையாலேயே சண்டை போட்டு, கையாலேயே சமாதானமாகிச் சோடி சேர்ப்பார்கள்.

அந்தக் கோப்பிக் குட்டி பிறந்த அன்று மருமகள் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பூனைகளின் வம்சத்தை வட்டம் வட்டமாக வரைந்து கோடு இழுத்திருந்தாள். "ஒவ்வொரு பூனைக்கும் நிறத்துக்கு ரெண்டு சீட்டு மாமா. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒரு கறுப்புச் சீட்டு இருந்தாலே பூனை கறுப்புதான். கோப்பிச் சீட்டு கீழ ஒளிஞ்சுக்கும். ரெண்டும் கோப்பியா விழுந்தாதான் குட்டி கோப்பி." எனக்கு உடனே பிடிபட்டது. கேட்டுக்கு முதலில் சிவப்பு அடிப்பூச்சு அடிப்போம், மேலே கறுப்பு பெயின்ட். பார்க்கிறவனுக்குக் கறுப்புக் கேட்டுதான் தெரியும். சிவப்பு எங்கேயும் போய்விடவில்லை. "அப்ப ரெண்டு பக்கமும் இருந்தாதான் வருமா?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் இருந்தாதான். வெளிப் பூனையோட சேர்த்துக்கிட்டே போனா எத்தனையோ தலைமுறைக்கு ஒளிஞ்சே கிடக்கும். இது ரெண்டுக்கும் பாட்டி ஒரே பூனை. அதான் ரெண்டுகிட்டயும் அதே சீட்டு." சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் வட்டங்கள். ஆனால் பூனைகள் இல்லை. கீழே பேத்தி, அதற்கு மேலே மகனும் மருமகளும், அதற்கு மேலே நானும் தங்கையும், எங்கள் இருவரிடமிருந்தும் இரண்டு கோடுகள் ஏறி ஒரே வட்டத்தில் போய் முட்டின. அது என் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

"உங்க அம்மா பக்கம் காது கேக்காதவங்க யாராச்சும் இருந்தாங்களா மாமா? எங்கம்மாவைக் கேட்டேன். மாமாவைக் கேளுன்னுட்டாங்க."

"யாரும் கிடையாது" என்றேன். நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே காடியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

யாரும் கிடையாதா? இருந்தார். என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் தாய்மாமன். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. தோட்டத்தில் எல்லாரும் ஊமையன் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரை எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில். எங்கள் வீட்டில்தான் இருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும்போது அவரை எழுப்புவது என் வேலை. கால் பெருவிரலைப் பிடித்து இரண்டு தரம் இழுக்க வேண்டும். எழுந்ததும் கோபப்படாமல் சிரிப்பார். பால் வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை; மரத்தின் பட்டையில் கை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியைப் போடுவார், கோடு பிசகாது, மரத்துக்குக் காயம் படாது. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தார். கணக்கெழுதும் கிராணி என்றால் காதில் பேனா செருகிக் காட்டுவார். கங்காணி என்றால் வயிற்றைத் தடவுவார். நான் என்றால் நெஞ்சை நிமிர்த்தி அதில் கைமுட்டியால் ஒரு குத்து. அந்த வயதிலேயே நான் அவ்வளவு வாய் அடிப்பேன் போலிருக்கிறது. அவர் கைப்பேச்சு முழுவதும் எனக்குத் தெரியும். தோட்டத்தில் அதைத் தெரிந்த பையன் நான் ஒருவன்தான்.

பிறகு நான் ஈப்போவுக்கு வந்தேன், நாலு பேர் என்னை மதிக்க ஆரம்பித்தார்கள், கல்யாணம் கூடிவந்தது. பெண் வீட்டார் டவுனில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "தாய்மாமன் யாரு?" என்று அவர்கள் கேட்டபோது, இல்லை என்றேன். சும்மா வாயில் வந்துவிட்டது. வாயில் வந்ததைப் பிறகு காப்பாற்ற வேண்டியதாயிற்று. கல்யாணத்தன்று தாய்மாமன் கையால் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்ட வேண்டும். கூப்பிட்டபோது தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைச் சொல்லிவைத்து முன்னால் அனுப்பினேன். மாமனை வெளியே நிறுத்தியிருந்தேன். சொந்தக்காரர்களை ஏற்றி வந்த லாரியில் சாமான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று அவர் பாஷையிலேயே கையைக் காட்டிச் சொன்னேன். மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு, தலையை ஆட்டிவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் மாலையோடு வெளியே வந்தபோது என்னைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக் குத்திக் காட்டினார். பக்கத்தில் இருந்த என் புது மனைவி, "யாருங்க அது?" என்றாள். "தோட்டத்து ஆளு" என்றேன். இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார். என் மனைவிக்கு இன்றுவரை அவர் தோட்டத்து ஆள்தான். அம்மாவிடமும் தங்கையிடமும் ஒரே வார்த்தையில் சொல்லி வைத்தேன், இந்தப் பேச்சு எடுக்கக்கூடாது என்று. அம்மா அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டே செத்தாள். தங்கையோ தன் மகள் தலையில் பழி விழுந்தபோதுகூட வாய் திறக்கவில்லை.

நோட்டைப் பார்த்து ஒரு மாதம் கழித்துப் பேத்திக்குக் காது குத்து. ஆஸ்பத்திரியும் சோதனையுமாகத் தள்ளிப்போனதை ஐந்து வயதில் செய்தோம். கோயில் மண்டபத்தில் ஐம்பது பேர். ஆசாரி ஊசியும் தோடுமாகத் தயாராக இருந்தார். மருமகள் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, வலிக்கும், எறும்பு கடிக்கிற அளவுக்குத்தான் வலிக்கும் என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது என் மனைவியின் அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மண்டபத்துக்கே கேட்டது. "கேக்காத காதுக்குத் தோடு ஒரு கேடா? எல்லாம் அந்தச் சித்தியவான் ரத்தம்லா." மருமகளின் கை பாதிப் பேச்சில் நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பெண்மணி மேல் கோபம் வரவில்லை. நான் நான்கு வருடமாகச் சொன்னதைத்தான் அவள் சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல்.

"தாய்மாமன் எங்கப்பா? வந்து உக்காருங்க" என்று ஆசாரி கூப்பிட்டார். மருமகளின் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். அவன் நடந்து போவதைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றேன். "கொஞ்சம் இருங்க" என்றேன். மண்டபத்தில் பேசி எனக்குப் பழக்கம் உண்டு. கோயில் கூட்டம் எதிலும் என் குரல்தான் மேலே இருக்கும். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினேன். "எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தாரு. எங்கம்மாவோட தம்பி. அவருக்குக் காது கேக்காது. என் கல்யாணத்துல அவர உள்ள விடாம லாரிக்குக் காவல் வெச்சேன். இந்தப் பிள்ளைக்கு இது எங்க அம்மா வழியா, என் வழியா, என் தங்கச்சி வழியா, ரெண்டு பக்கமும் வந்தது. சித்தியவான் ரத்தம் இல்ல. நம்ம ரத்தம். என் ரத்தம்." பிறகு அவர் பெயரைச் சொன்னேன், அம்மா வைத்த முழுப்பெயரை. நாற்பத்தைந்து வருடத்தில் அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவி என்னையே பார்த்தாள். "அந்த லாரில உக்காந்திருந்தவரா?" என்றாள். தலையை ஆட்டினேன். வீட்டுக்குப் போனபிறகு மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கை எழுந்து வந்து, இத்தனை பேர் முன்னால், என் முதுகில் ஓர் அறை வைத்தாள். "இதைச் சொல்ல உனக்கு இம்புட்டு வருசமாண்ணே! நான் எத்தன நாளு அந்தச் சாமி ரூமுல உக்காந்து அழுதிருப்பேன்!" என்று அழுதாள், அழுதபடியே சிரித்தாள். மருமகள் பிள்ளையின் பக்கம் திரும்பி, நின்றுபோன இடத்திலிருந்து கையால் மீதியைச் சொல்லி முடித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்று, "குத்துங்க ஆசாரி" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில். பேத்தி அழவே இல்லை. அதிலும் என்னைக் கொண்டவள்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள் மருமகளிடம் கேட்டேன், அந்தக் கோப்பிக் குட்டியை என்ன செய்தீர்கள் என்று. "அதுக்குத்தான் மாமா இந்த விளையாட்டுல மவுசு. ஒளிஞ்சிருந்து வர்ற நிறத்துக்குத்தான் எல்லாரும் தவம் கிடக்கறாங்க" என்றாள். விளையாட்டைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது மருமகளுக்கு ஆறாம் மாதம். சென்ற வாரம் சித்தியவானில் ஒரு கல்யாணம். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். என் மனைவியின் அக்காவும் வந்திருந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டு, இந்த முறை மெதுவாகத்தான் கேட்டாள்: "இந்தப் பிள்ளைக்காச்சும் காது கேக்குமா?" மருமகள் கையிலிருந்த லட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள், "நாலுல ஒரு பங்கு கேக்காமப் போகலாம் பெரியம்மா. கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி, எங்க வீட்டுல எல்லாரும் கையில பேசுவோம். மாமாவுக்குத்தான் இன்னும் சரியா வரல. போன வாரம் பசிக்குதுன்னு சொல்லப்போய், எருமைன்னு சொல்லிட்டாரு." கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சனிக்கிழமைதோறும் கைமொழி வகுப்புக்குப் போகிறேன், அந்த வகுப்பிலேயே மூத்த மாணவன் நான்தான். மாமனோடு பேசிய பேச்சு வேறு, இது வேறு. எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. என் விரல்கள் முரடாக இருக்கின்றன என்கிறார் டீச்சர். இரும்பை வளைத்த விரல்கள் டீச்சர், கொஞ்சம் பொறுங்கள், இதுவும் வளையும் என்றிருக்கிறேன். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் படித்துவிடுவேன்.